விரல்களுக்கும் தமிழ் தெரிய வேண்டும்

கடந்த ஆண்டு நம் கழகத்தின் கலை இரவுக்கான அழைப்பிதழைத் தட்டச்சு செய்தவன் நான்தான். 300 அழைப்பிதழ்கள் அச்சாகி, பாதிக்கு மேல் அஞ்சலில் சேர்ந்துவிட்ட பிறகு, என் கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர், தமிழ்ப்பள்ளியில் எனக்கு முதலாம் ஆண்டில் எழுத்து கற்றுக் கொடுத்த ஆசிரியை. இப்போது பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்.

“தம்பி, அழைப்பிதழ் கிடைச்சது. ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம். வரும்போது மண்வெட்டி எடுத்துக்கிட்டு வரணுமாய்யா?”

“எதுக்கு டீச்சர்?”

“களை இரவுன்னு போட்டிருக்கே. களை எடுக்கத்தானே கூப்பிடுறீங்க?”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். முகப்பில், தங்க நிறத்தில், பெரிய எழுத்துகளில் ‘களை இரவு’ என்றே இருந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டுதான் பேசினார். ஆனால் ஆறு வயதில் என் கையைப் பிடித்து ‘ல’வையும் ‘ள’வையும் மணலில் எழுத வைத்தவர் அவர். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது.

பிழை எப்படி நேர்ந்தது என்பதை யோசித்துப் பார்த்தேன். நான் தமிழைத் தமிழாகத் தட்டச்சு செய்வதில்லை. ரோமன் எழுத்தில் அடிப்பேன். மென்பொருள் அதைத் தமிழாக்கித் தரும். அம்முறையில் சிறிய ‘எல்’ அடித்தால் ‘ல’ வரும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அதே ‘எல்’லை அடித்தால் ‘ள’ வரும். அன்றிரவு அவசரத்தில் என் விரல் ஷிப்டிலிருந்து எழவில்லை. அவ்வளவுதான். ஆனால் செயலவை உறுப்பினர்கள் நான்கு பேர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்களே! அவர்கள் கண்ணுக்கும் ஏன் தெரியவில்லை? நால்வரும் என்னைப் போலவே தட்டச்சு செய்பவர்கள். எங்களுக்கு ‘ள’ என்பது ஒரு தனி எழுத்தே அன்று. சற்றுப் பெரிய ‘ல’.

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான்: நம் கைகள் தமிழைத் தமிழெழுத்திலேயே பழக வேண்டும். அதற்கு வேண்டிய கருவியை எவரேனும் செய்து தருவார் என்று காத்திராமல் நாமே செய்துகொள்ளவும் முடியும். இரண்டையும் நான் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பாலமும் வீடும்

நான் படித்த தமிழ்ப்பள்ளியில் கணினி அறை இருந்தது. அங்கே மலாயும் ஆங்கிலமும் தட்டச்சு செய்தோம். தமிழைக் கையால் மட்டுமே எழுதினோம். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. தமிழ் வகுப்பு, பள்ளி முடிந்த பின்னர், மற்றவர்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் நடக்கும். புலனத்தில் நண்பர்களுக்குத் தமிழ்ச் செய்தி அனுப்பினாலும் ரோமன் எழுத்தில்தான். ஐந்தாம் படிவம் முடிப்பதற்குள் தமிழ்ச் சொற்கள் என் மனத்தில் தோன்றும்போதே ரோமன் எழுத்தில் தோன்றத் தொடங்கிவிட்டன. உங்களில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ரோமன் வழித் தட்டச்சைக் குறை சொல்வது என் நோக்கமன்று. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். அவருடைய அஞ்சல் விசைமுகம் இல்லாவிட்டால் கணினியில் தமிழைத் தொடவே அஞ்சியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். 2001ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. கணித்தமிழ் வரலாற்றில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெருமைக்குரிய இடம் உண்டு. ரோமன் வழித் தட்டச்சு அவர்கள் நமக்குப் போட்டுத் தந்த பாலம். பாலம் கடப்பதற்கு. நாம் அதன்மேலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டோம் என்பதே என் வருத்தம்.

பாலத்துக்கு அப்பால் ஒரு வீடும் தயாராகத்தான் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ‘தமிழ்99’ என்ற விசைமுகத்தைத் தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் 12ம் இடக்கைப் பக்கம். மெய் வரிசைக்குரிய 18 எழுத்துகளும் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘ல’வுக்கு வலது சுட்டுவிரல் கீழே இறங்கும், ‘ள’வுக்கு அதே விரல் மேலே ஏறும், ‘ழ’வுக்குச் சுண்டுவிரல் கீழே போகும். ‘ர’வும் ‘ற’வும் அப்படியே, ஒன்று கீழே, ஒன்று மேலே. ‘ந’, ‘ன’, ‘ண’ மூன்றுக்கும் மூன்று இடங்கள். ஷிப்ட் என்ற பேச்சே இல்லை.

இதிலே இன்னொரு நயமும் உண்டு. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ. ‘ந’வை அடுத்து ‘த’ வந்தால் அது ‘ந்த’ என்று விசைமுகத்துக்கே தெரியும். ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற ஆகியவையும் இப்படியே. நாம் தமிழ்ப்பள்ளியில் ‘இன எழுத்து’ என்று படித்தோமே, அந்த இலக்கணமே இங்கே தட்டச்சு விதியாக உட்கார்ந்திருக்கிறது.

விசைப்பலகைக்குள் என்ன இருக்கிறது?

விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99 இன்று உடன் வருகிறது. அமைப்பில் சேர்த்தால் போதும். என் மடிக்கணினியில் சேர்த்தேன். ஆனால் நான் அதிக நேரம் வேலை செய்வது பொறியியல் புல ஆய்வுக்கூடத்தில். அங்கே உள்ளவை லினக்ஸ் கணினிகள். அமைப்புகளை மாற்ற மாணவர் கணக்குகளுக்கு அனுமதி இல்லை. தமிழ் சேர்த்துத் தரும்படி இரண்டு முறை விண்ணப்பித்தேன், பதில் வரவில்லை. கணினிக்குள் தமிழை வைக்க விடவில்லையென்றால், விசைப்பலகைக்குள் வைத்துக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது.

விசைப்பலகை கணினிக்கு எழுத்துகளை அனுப்புவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது அனுப்புவது வெறும் எண். ‘ஏ’ விசைக்கு 4, ‘எச்’ விசைக்கு 11. அந்த எண் எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது கணினி. யூ.எஸ்.பி. விசைப்பலகைகளுக்கான எண் பட்டியலில் கொரிய, ஜப்பானிய எழுத்துமுறைகளை மாற்றும் விசைகளுக்குத் தனி எண்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் எந்த எண்ணை, எந்த வரிசையில் அனுப்புவது என்பதை முடிவு செய்யும் சிறிய சில்லு ஒன்று விசைப்பலகைக்குள் இருக்கிறது. அதை நுண்கட்டுப்படுத்தி என்பர். அச்சில்லுக்குள் நிலையாகத் தங்கும் நிரலுக்கு நிலைபொருள் என்று பெயர். நிலைபொருளை மாற்றினால் விசைப்பலகையின் குணமே மாறிவிடும். இதற்காக ‘கியூ.எம்.கே.’ என்ற திறந்தமூல மென்பொருள் இருக்கிறது. ஹாசு என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் தொடங்கிய ‘டி.எம்.கே.’யை அடித்தளமாகக் கொண்டு ஜேக் ஹம்பர்ட் தொடங்கியது. இன்று உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். காசு கிடையாது.

நான் வாங்கியது ‘ஏடிமெகா 32யூ4’ என்ற சில்லு பொருத்திய சிறு பலகை. விலை 30 ரிங்கிட்டுக்குள். விசைகள், டையோடுகள், மூடிகள் எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட்டை நெருங்கியது. விடுதி அறையில் இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.

புதிய நிலைபொருளை ஏற்றும் முறை எளிது. ஆனால் முதன்முறை நெஞ்சு படபடக்கும். கணினியில் நிரலைத் தொகுத்து, ஏற்றும் கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும். கணினி சில்லுக்காகக் காத்திருக்கும். சிறு இடுக்கியின் முனையால் சில்லுப் பலகையின் இரண்டு புள்ளிகளை அடுத்தடுத்து இருமுறை தொட வேண்டும். உடனே சில்லு தன் வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு, ‘புதிதாக ஏதாவது கொடுக்கிறாயா?’ என்பதுபோல் 8 வினாடிகள் காத்திருக்கும். அதற்குள் கணினி நிரலை உள்ளே எழுதிவிடும்.

நான் ஏற்றினேன். திரையில் வெற்றி என்று வந்தது. விசையை அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொன்றை அழுத்தினேன். எந்த விசையும் வேலை செய்யவில்லை. நள்ளிரவு இரண்டு மணி. 200 ரிங்கிட்டை எரித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எரியவில்லை. காத்திருந்து நிரலை வாங்கிக்கொள்ளும் பகுதி, சில்லின் தனி மூலையில் இருக்கிறது. நாம் ஏற்றும் நிரல் எவ்வளவு தவறாக இருந்தாலும் அந்த மூலையைத் தொடாது. எத்தனை முறை தவறினாலும் மறுபடி இருமுறை தொட்டு மறுபடி ஏற்றலாம். என் பிழை, டையோடுகளின் திசையை நிரலில் தலைகீழாகக் குறிப்பிட்டது. ஒரே ஒரு சொல்லை மாற்றி ஏற்றியதும் எல்லா விசைகளும் உயிர்பெற்றன. அச்சில் போன ‘களை இரவு’க்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்து, தமிழை உள்ளே வைக்கும் வேலை. ஒருங்குறியில் ‘க’வின் எண் 2965. லினக்ஸில் கன்ட்ரோல், ஷிப்ட், ‘யு’ மூன்றையும் சேர்த்து அழுத்தி, பதினாறடிமான முறையில் அந்த எண்ணின் நான்கு இலக்கங்களைக் கொடுத்து, இடைவெளி விசையைத் தட்டினால் ‘க’ வரும். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஒருங்குறிக் கணக்குப்படி ஐந்து குறிகள். கையால் செய்தால் ஏறக்குறைய 30 தட்டல். அதையெல்லாம் சில்லு எனக்காகச் செய்யும். நான் தமிழ்99 முறையில் ஐந்து விசைகளை மட்டும் அழுத்துவேன். உயிர்மெய்யும் தானாக விழும் புள்ளியும் சரியாக வர, சற்றுமுன் அடித்த எழுத்து எது என்பதைச் சில்லு நினைவில் வைத்திருந்தால் போதும். நான் எழுதியது 200 வரிகள்கூட இருக்காது. மீதி முழுவதும் முகமறியாத பலருடைய உழைப்பு.

தொகுத்தபோது இடம் போதவில்லை என்று பிழைச்செய்தி வந்தது. சில்லில் நிரலுக்குக் கிடைப்பது 28,672 பைட்டுகள் மட்டுமே. எதை நீக்கலாம் என்று பார்த்தேன். விசைகளுக்கு அடியில் வண்ண வண்ணமாக ஒளிரும் விளக்குகளுக்கான நிரல் நிறைய இடத்தைப் பிடித்திருந்தது. அதை எடுத்துவிட்டேன். தமிழ் உட்கார்ந்தது. அறை நண்பன், “இப்போது பார்க்க ஒன்றும் அழகாக இல்லையே” என்றான். நான் பதில் சொல்லவில்லை. ‘கலை இரவு’ என்று அடித்துக் காட்டினேன்.

கண்ணில்லாத விசைப்பலகை

பள்ளி விடுமுறையில் டீச்சர் வீட்டுக்குப் போனபோது மடிக்கணினியையும் இந்த விசைப்பலகையையும் எடுத்துச் சென்றேன். விசைமூடிகளில் தமிழெழுத்து ஒட்டியிருந்தேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். பத்து நிமிடத்தில் இரண்டு வரி வந்தது. ஒரு பிழையும் இல்லை.

பிறகு ‘க’ என்று அடித்துவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டு, சுட்டெலியால் புது வரிக்குப் போய் ‘ஆ’வை அழுத்தினார். ‘ஆ’ வரவில்லை. ஒரு புள்ளி வட்டமும் அதன் பக்கத்தில் ஒரு துணைக்காலும் வந்து நின்றன.

“என்னய்யா இது, கால் மட்டும் தனியா நிக்குது?”

எனக்கு உடனே புரிந்தது. சில்லுக்குக் கண் கிடையாது. கடைசியாக அடித்தது ‘க’ என்பது மட்டுமே அதற்குத் தெரியும். டீச்சர் வேறு வரிக்குப் போனது தெரியாது. ஆகவே ‘கா’ எழுதுவதாக நினைத்துத் துணைக்காலை அனுப்பிவிட்டது. ஒரு வினாடிக்கு மேல் இடைவெளி விட்டால் பழையதை மறந்துவிடும்படி பிறகு நிரலை மாற்றினேன். ஆனால் மெதுவாகத் தட்டுபவர்களுக்கு அந்த ஒரு வினாடியே தொல்லையாகிவிடுகிறது. முழுத் தீர்வு சில்லுக்குள் இல்லை. திரையில் இருப்பதை அறிந்த கணினியின் இயங்குதளமே தமிழை எழுத வேண்டும்; அதுதான் சரியான இடம். பூட்டிய கணினிகளில் மட்டும் என் வழி உதவும்.

இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘நாமே செய்துகொள்ளலாம்’ என்று எழுதுபவர்கள் சில நேரம் எல்லாம் எளிது என்ற தோற்றத்தைத் தந்துவிடுகிறார்கள். செய்து பார்த்ததால்தான் எது எங்கே இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. ஆய்வுக்கூடத்துக்கு மூன்றாவது விண்ணப்பத்தை எழுதியபோது, எந்த அமைப்பில் எதைச் சேர்க்க வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிட முடிந்தது. இன்னும் பதில் வரவில்லை. ஆனால் இம்முறை கேட்கத் தெரிந்து கேட்டிருக்கிறேன்.

மறுப்புகள்

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன.

“பேசினாலே தொலைபேசி தமிழில் எழுதித் தருகிறதே” என்றனர் சிலர். உண்மைதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் ல, ள, ழ மூன்றையும் வேறுபடுத்திப் பேசுகிறோம்? நான் பேசினால் எந்த எழுத்தைப் போடுவது என்று கருவி முடிவு செய்கிறது. பிழை குறையலாம், ஆனால் எனக்குத் தமிழ் தெரிந்துவிடாது.

“ரோமன் வழி இல்லாவிட்டால், தமிழை ஆரம்பப்பள்ளியோடு விட்டவர்கள் எழுதவே மாட்டார்கள்” என்றாள் ஒரு தோழி. இதில் நியாயம் இருக்கிறது. யாரிடமிருந்தும் பாலத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் கழகத்தின் பெயரால் அழைப்பிதழும் ஆண்டு மலரும் வெளியிடுகிற நாமாவது கடந்து வந்திருக்க வேண்டாமா?

“இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு” என்றான் மற்றொருவன். விசைப்பலகை செய்வது வேண்டுமானால் அப்படி இருக்கலாம். தமிழ்99 பழகக் காசு வேண்டாம். கையில் இருக்கும் விசைப்பலகையே போதும். நான் நாளுக்கு அரை மணி நேரம் பழகினேன். முதல் இரண்டு வாரம் அழுகையே வந்தது. ஆறாவது வாரத்தில், ரோமன் வழியில் அடித்த வேகத்தை எட்டினேன். எழுத்து தெரியாத சொல் வந்தால் இப்போதும் தவறுகிறேன். விசைமுகம் அகராதி ஆகிவிடாது. ஆனால் ஒவ்வொரு ‘ள’வுக்கும் விரல் மேலே ஏற வேண்டியிருப்பதால், ‘இது லவா, ளவா’ என்று மனம் ஒரு கணம் நின்று கேட்கிறது. அந்தக் கேள்வியைத்தான் நான் இடைநிலைப்பள்ளியில் தொலைத்திருந்தேன்.

கழகம் என்ன செய்யலாம்?

அடுத்த தவணையில் மூன்று சிறு காரியங்களைச் செய்யலாம் என்று முன்மொழிகிறேன். முதலாவது, செயலவையினர் அனைவரும் தமிழ்99 பழகுவது. அச்சுக்குப் போகும் எதையும் தாளில் எடுத்து, பேனா பிடித்துத் திருத்துவது. இரண்டாவது, ஒரு சனிக்கிழமைப் பட்டறை. விசைப்பலகைக்குள் இருக்கும் சில்லைத் திறந்து பார்ப்போம், நிலைபொருள் ஏற்றுவோம், தவறினால் மறுபடி ஏற்றுவோம். வழிகாட்டிக் குறிப்பைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். நான் எழுதிய நிரலையும் அதே திறந்த உரிமத்தோடு பகிர்கிறேன். பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா? மூன்றாவது, ஆண்டுதோறும் நாம் தமிழ்ப்பள்ளிகளில் நடத்தும் தன்முனைப்பு முகாமில் ஒரு மணி நேரத்தைத் தமிழ்த் தட்டச்சுக்கு ஒதுக்குவது. நான்காம் ஆண்டு மாணவனின் விரல்களில் ரோமன் பழக்கம் இன்னும் ஊறியிருக்காது. நான் ஆறு வாரம் பட்ட பாட்டை அவன் பட வேண்டியதில்லை.

இந்த மூன்றாவது யோசனை என்னுடையதன்று. துணைக்கால் தனியாக நின்ற அன்று, விடைபெறும்போது டீச்சர் கேட்டார்: “இதைச் சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமாய்யா?” கொடுக்கலாம் டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொன்ன சொல்லை நான் மட்டும் காப்பாற்ற முடியாது. நீங்களும் வர வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுவதையும் அந்த விசைப்பலகையில்தான் அடித்தேன். எங்கேனும் ‘ல’வும் ‘ள’வும் இடம் மாறியிருந்தால் பொறுப்பு சில்லுடையதன்று, என்னுடையது. மலர் வெளிவந்ததும் முதல் படியை டீச்சருக்கு அனுப்பப் போகிறேன். தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.